இரு பக்கமும் கேட்கச் சொன்ன இளம் ஆசிரியர்
(ஹென்றி டிரோசியோவின் வாழ்க்கை வரலாறு)



உலகம் போற்றும் ஆசிரியர்கள் என்றாலே நரைத்த தாடியும் கனிந்த முகமுமாக ஒரு பெரியவர்தான் நம் மனக்கண் முன் வந்து நிற்பார். ஆனால் 22 வயதிலேயே மறைந்துபோன ஓர் ஆசிரியரைப் பற்றி இந்த மலரில் எழுத விரும்புகிறேன். அவர் பாடம் சொல்லிக் கொடுத்தது ஐந்தே ஆண்டுகள்தான். அந்த ஐந்து ஆண்டுகளில் அவரிடம் படித்த பிள்ளைகள் பின்னாளில் ஒரு நாட்டின் சிந்தனைப் போக்கையே மாற்றினார்கள் என்றால் அது மிகையாகாது. அந்த ஆசிரியர்தான் கல்கத்தா இந்துக் கல்லூரியின் ஹென்றி லூயிஸ் விவியன் டிரோசியோ.

அவர் பிள்ளைகளுக்குக் கொடுத்த பெரிய சொத்து ஒன்று உண்டு. ஒருவர் ஒன்றைச் சொன்னால், அதற்கு அவர் காட்டும் காரணம் வலுவானதா, வெறும் பேச்சா என்று எடைபோட்டுப் பார்க்கும் பழக்கமே அது. அந்தப் பழக்கத்தைக் கற்றுக் கொடுத்ததற்காகவே அவர் வேலையை இழந்தார். அவரை வேலையிலிருந்து நீக்கியவர்கள் காட்டிய காரணம் எப்படிப்பட்டது என்பதைத்தான் இந்த வரலாற்றில் நாம் கவனித்துப் பார்க்க வேண்டும்.

பிறப்பும் பள்ளிப் படிப்பும்

டிரோசியோ 1809ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள் கல்கத்தாவில், என்டாலி என்னும் பகுதியில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ் டிரோசியோ ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கு வேலை பார்த்தவர். போர்த்துகீசிய இரத்தமும் இந்திய இரத்தமும் கலந்த குடும்பம் அது. நம் மலாக்காவில் இருக்கிற யுரேசிய மக்களை நினைத்துக்கொண்டால் போதும், விளங்கிவிடும். அந்தக் காலத்துக் கல்கத்தாவில் இப்படிப்பட்டவர்களை வெள்ளைக்காரர்களும் தங்களோடு முழுமையாகச் சேர்த்துக்கொள்ளவில்லை, இந்தியர்களும் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆனாலும் டிரோசியோ இந்தியாவைத்தான் தம் தாய்நாடு என்று எண்ணினார். இந்தியாவைத் தாயகமாகப் பாடி ஆங்கிலத்தில் கவிதை எழுதிய முதல் தலைமுறைக் கவிஞர்களில் அவரும் ஒருவர்.

சிறு வயதிலேயே தாயை இழந்த டிரோசியோ, தர்மதலா என்னும் இடத்தில் டேவிட் டிரம்மண்ட் என்பவர் நடத்திய பள்ளியில் படித்தார். டிரம்மண்ட் ஸ்காட்லாந்துக்காரர், எதையும் காரணம் கேட்டே ஏற்றுக்கொள்ளும் சுபாவம் உடையவர். வெள்ளைக்காரப் பிள்ளைகள், யுரேசியப் பிள்ளைகள், வங்காளிப் பிள்ளைகள் எல்லாரும் அவர் பள்ளியில் ஒன்றாக உட்கார்ந்து படித்தார்கள். விதை அங்கேதான் ஊன்றப்பட்டது.

தோட்டத்தில் இருந்த நாட்கள்

14 வயதில் டிரோசியோவின் பள்ளிப் படிப்பு முடிந்துவிட்டது. ஆம், அதற்கு மேல் அவர் எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை! கொஞ்ச காலம் தந்தை வேலை செய்த கம்பெனியிலேயே எழுத்து வேலை பார்த்தார். அது அவருக்குப் பிடிக்கவில்லை. பிறகு கங்கைக் கரையில் பாகல்பூர் பக்கம் உறவினர் ஒருவர் இருந்த அவுரித் தோட்டத்துக்குப் போனார். அவுரி என்பது துணிக்கு நீலச்சாயம் எடுக்கிற செடி. நமக்குப் பால்மரம் எப்படியோ, அந்தக் காலத்து வங்காளத்திலும் பீகாரிலும் அவுரி அப்படி.

அங்கே கங்கை ஆற்றையும், நடு ஆற்றில் நிற்கும் ஜங்கீரா என்னும் பாறையையும் பார்த்துப் பார்த்துக் கவிதை எழுதினார். கல்கத்தாவில் இருந்து வெளிவந்த இந்தியா கெஜட் என்னும் பத்திரிகைக்கு அவற்றை அனுப்பினார். 1827இல் அவருடைய முதல் கவிதை நூல் வெளிவந்தது. 1828இல் ஜங்கீராவின் பக்கீர் என்னும் நெடுங்கவிதை வெளிவந்தது. தோட்டத்தில் இருந்தவனுக்கு என்ன தெரியும் என்று கேட்கிறவர்கள் எந்தக் காலத்திலும் உண்டு. அவர்களுக்கு டிரோசியோவின் வாழ்க்கையே பதில்.

17 வயதில் ஆசிரியர்

1826ஆம் ஆண்டு. பினாங்கு, சிங்கப்பூர், மலாக்கா மூன்றையும் ஆங்கிலேயக் கம்பெனி ஒரே நிர்வாகத்தின் கீழ்க் கொண்டுவந்த ஆண்டும் அதுதான். சில ஆண்டுகளில் இந்த நிர்வாகம் கல்கத்தாவின் கீழ் வந்தது. அப்படிப்பட்ட தலைநகரத்தில், இந்துக் கல்லூரியில், 17 வயது டிரோசியோ ஆசிரியராக நியமிக்கப்பட்டார். ஆங்கில இலக்கியமும் வரலாறும் அவருடைய பாடங்கள்.

இந்துக் கல்லூரி 1817இல் தொடங்கப்பட்டது. கல்கத்தாவின் இந்துப் பிரமுகர்கள் தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு அதை உண்டாக்கினார்கள். கடிகாரம் செய்து பிழைக்க ஸ்காட்லாந்தில் இருந்து வந்து, கடைசியில் வங்காளப் பிள்ளைகளின் படிப்புக்காகவே வாழ்ந்து 1842இல் மறைந்த டேவிட் ஹேர் என்னும் நல்ல மனிதரும் அதற்கு முன்னின்று பாடுபட்டார். பெயர்தான் கல்லூரியே தவிர, டிரோசியோவிடம் படித்தவர்களில் பலர் 13 வயது முதல் 17, 18 வயது வரை உள்ள பிள்ளைகள். நம்முடைய கணக்கில் சொன்னால் படிவம் ஒன்று முதல் படிவம் ஐந்து வரை படிக்கிற வயசு. ஆசிரியருக்கும் மாணவருக்கும் மூன்று நான்கு வயதுதான் வித்தியாசம். அண்ணன் தம்பி மாதிரி!

அவர் கற்பித்த முறை

அந்தக் காலத்தில் படிப்பு என்றால் மனப்பாடம்தான். ஆசிரியர் சொன்னதைத் திருப்பிச் சொன்னால் நல்ல மாணவன். டிரோசியோ இந்த வழக்கத்தை மாற்றினார். ஒரு கருத்தை எடுத்துக்கொண்டால் அதற்கு ஆதரவாக யார் என்ன சொல்லியிருக்கிறார்கள், எதிராக யார் என்ன சொல்லியிருக்கிறார்கள் என்று இரண்டையும் மாணவர் முன் வைப்பார். பிறகு அவர்களையே பேசவிடுவார். வகுப்பு முடிந்தாலும் பேச்சு முடியாது. மாணவர்கள் அவரைத் தேடி வீட்டுக்கே போய்ப் பேசுவார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். கடவுள் உண்டா என்பது எவ்வளவு பெரிய கேள்வி! அதைப் பற்றி டேவிட் ஹ்யூம் என்னும் தத்துவ அறிஞர் பல ஐயங்களை எழுப்பி எழுதியிருந்தார். அந்த எழுத்தைப் படிக்கச் சொன்ன டிரோசியோ, அத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஹ்யூமுக்கு மறுப்பு எழுதிய ரீட், ஸ்டூவர்ட் ஆகிய அறிஞர்களின் எழுத்தையும் படிக்கச் சொன்னார். ஒரு பக்கத்தை மட்டும் காட்டி இதுதான் சரி என்று முடித்துவிடுவது அவர் வழக்கம் அல்ல. இரண்டையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கும் வேலையை மாணவரிடமே விட்டார்.

1828இல் அவர் தலைமையில் அகடெமிக் அசோசியேஷன் என்னும் சொற்பயிற்சி மன்றம் தொடங்கியது. இந்தியாவில் மாணவர்களுக்காக ஏற்பட்ட முதல் விவாத மன்றங்களில் இது ஒன்று எனலாம். மாணிக்தலா என்னும் இடத்தில் ஸ்ரீகிருஷ்ண சிங் என்பவருக்குச் சொந்தமான தோட்ட வீட்டில் மன்றம் கூடும். விதி என்று ஒன்று உண்டா, உண்மை பேசுவது ஏன் கடமை, நாட்டுப்பற்று என்றால் என்ன, சிலை வழிபாடு சரியா, புரோகிதர்களுக்கு ஏன் இவ்வளவு அதிகாரம் என்பன போன்ற தலைப்புகளில் பிள்ளைகள் ஒட்டியும் வெட்டியும் பேசினார்கள். டேவிட் ஹேர் அடிக்கடி வந்து உட்கார்ந்து கேட்பார். பெரிய பெரிய வெள்ளைக்கார அதிகாரிகளும் வந்து இந்தச் சிறுவர்களின் பேச்சை வியப்போடு கேட்டார்கள்.

1830இல் இந்த மாணவர்கள் பார்த்தினன் என்ற பெயரில் ஓர் ஆங்கில இதழை வெளியிட்டார்கள். பெண்களுக்குக் கல்வி வேண்டும், ஏழைக்கும் எட்டும் செலவில் நீதி கிடைக்க வேண்டும் என்றெல்லாம் எழுதினார்கள். முதல் இதழோடு கல்லூரி நிர்வாகம் அதை நிறுத்திவிட்டது.

இதனால் பிள்ளைகளுக்கு என்ன பயன் என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றைச் சொல்லலாம். இந்துக் கல்லூரிப் பையன் பொய் சொல்லமாட்டான் என்று ஊரார் பேசிக்கொள்ளும் அளவுக்கு அந்த மாணவர்கள் பேரெடுத்தார்கள். காரணத்தை எடைபோட்டுப் பழகியவனுக்குப் பொய்க் காரணம் சொல்ல நா எழாது அல்லவா?

ஊரில் கிளம்பிய புயல்

பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்கினால் வீட்டில் என்ன நடக்கும்? கல்கத்தாவில் அதுதான் நடந்தது. சில பையன்கள் பூஜையில் உட்கார மறுத்தார்கள். சிலர் விலக்கப்பட்ட உணவைச் சாப்பிட்டார்கள். பெற்றோர்கள் பதறினார்கள்.

இரு பக்கமும் கேட்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் பெற்றோர் பக்கத்தை நாம் கேட்காமல் விடலாமா? கேட்போம். கல்லூரி அவர்களுடைய பணத்தில் கட்டப்பட்டது. பிள்ளைகள் ஆங்கிலம் படித்து முன்னுக்கு வர வேண்டும், ஆனால் குடும்பத்தையும் சமயத்தையும் விட்டு விலகிவிடக் கூடாது என்பதுதான் அவர்கள் ஆசை. அந்த நேரத்தில், 1830இல், அலெக்சாண்டர் டஃப் என்னும் பாதிரியாரும் கல்கத்தா வந்து சேர்ந்தார். பிள்ளைகளை மதம் மாற்றிவிடுவார்களோ என்று பெற்றோர் பயந்தார்கள். பயத்தில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கல்லூரி நிர்வாகக் குழுவில் டிரோசியோவை எதிர்த்த ராதாகாந்த தேவ் சாமானியர் அல்லர். பெரிய சமஸ்கிருத அகராதி ஒன்றைத் தொகுத்த அறிஞர். பெண் கல்விக்கு ஆதரவு காட்டியவர். அதே சமயம் கணவனோடு மனைவியை எரிக்கும் சதி வழக்கத்தை 1829இல் அரசாங்கம் தடை செய்தபோது, அந்தத் தடையை எதிர்த்து நின்றவரும் அவர்தான். மனிதர்களை ஒரே சொல்லில் நல்லவர், கெட்டவர் என்று முடித்துவிட முடியாது என்பதற்கு இவரே சான்று.

நிர்வாகம் முதலில் ஆசிரியர்கள் மாணவரிடம் சமயத்தைப் பற்றிப் பேசக் கூடாது என்று உத்தரவு போட்டது. ஊரிலோ வதந்திகள் வீட்டுக்கு வீடு பரவின. டிரோசியோ கடவுள் இல்லை என்கிறாராம், பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்கிறாராம். இவை இரண்டும் போதாதென்று, இங்கே எழுதவே கூசும் இன்னொரு பழியையும் அவர்மேல் போட்டார்கள். பல பெற்றோர்கள் பிள்ளைகளைப் பள்ளியை விட்டே நிறுத்தினார்கள்.

கூட்டத்தில் நடந்தது

1831 ஏப்ரல் 23ஆம் நாள் நிர்வாகக் குழு கூடியது. அந்தக் கூட்டத்தில் இரண்டு கேள்விகள் எழுந்தன. மாணவமணிகளே, இந்த இடத்தைக் கூர்ந்து படியுங்கள்.

முதல் கேள்வி: பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லத் தகுதியில்லாதவர் டிரோசியோ என்று முடிவு செய்யத் தக்க ஆதாரம் இருக்கிறதா? இதற்கு உறுப்பினர்களில் பெரும்பாலோர் ஆம் என்று சொல்லவில்லை. ஆதாரம் இல்லை என்று சிலர் சொன்னார்கள். கேள்விப்பட்டதைத் தவிர வேறு ஒன்றும் தெரியாது என்றார் ஒருவர். தகுதியில்லை என்று சொன்னவர்கள் சிலரே.

அப்படியானால் விவகாரம் அத்தோடு முடிந்திருக்க வேண்டும் அல்லவா? முடியவில்லை. இரண்டாவது கேள்வி வந்தது: ஊரார் மனநிலை இப்படி இருக்கும்போது அவரை நீக்கிவிடுவது நல்லதா? இதற்குப் பெரும்பாலோர் நல்லது என்றே சொல்லிவிட்டார்கள். முதல் கேள்வியில் ஆதாரம் இல்லை என்றவர்களில் சிலர்கூட இந்தப் பக்கம் சாய்ந்தார்கள். தோட்ட வீட்டுக்காரர் ஸ்ரீகிருஷ்ண சிங் நீக்கத் தேவையில்லை என்றார். டேவிட் ஹேரும், சமஸ்கிருத அறிஞர் ஹோரேஸ் வில்சனும், இது இந்து மக்களின் மனநிலையைப் பற்றிய கேள்வி என்பதால் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள்.

ஒரு தடவைகூட டிரோசியோவை அழைத்து விசாரிக்கவில்லை. அவர் பக்கத்தை யாரும் கேட்கவில்லை. இரு பக்கமும் கேள் என்று ஐந்து வருஷம் கற்றுக் கொடுத்த மனிதரை, ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு அனுப்பிவிட்டார்கள்!

ஏப்ரல் 25ஆம் நாள் அவர் பதவி விலகல் கடிதம் கொடுத்தார். தம்மை விசாரிக்காமலே முடிவு செய்ததை அதில் எடுத்துக் காட்டினார். அன்றே வில்சன் அவருக்குக் கடிதம் எழுதி, ஊரில் பேசப்படும் மூன்று குற்றச்சாட்டுகளும் உண்மையா என்று கேட்டார். மறுநாளே டிரோசியோ விரிவாகப் பதில் எழுதினார். கடவுள் இல்லை என்று தாம் யாருக்கும் சொன்னதில்லை, ஐயம் எழுப்பியவர்களின் வாதத்தையும் அதற்கு மறுப்பையும் சேர்த்தே கற்பித்ததாக விளக்கினார். பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டாம் என்று சொன்னதாகக் கூறுவதையும் அடியோடு மறுத்தார். வெறும் மறுப்போடு விடாமல் சாட்சியும் காட்டினார். தந்தையிடம் மரியாதைக் குறைவாக நடந்த ஒரு மாணவனைத் தாம் கண்டித்ததையும், வீட்டை விட்டு வெளியேற நினைத்த இன்னொரு மாணவனைத் தடுத்துப் புத்தி சொன்னதையும் பெயரோடு குறிப்பிட்டார். மூன்றாவது பழியையும் அதே உறுதியோடு மறுத்தார்.

பெற்றோர்களே, ஒன்றைக் கவனித்தீர்களா? பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் பழக்கியவர்தான் பெற்றோரை மதிக்கும்படி அவர்களைக் கண்டித்தும் இருக்கிறார். கேள்வி கேட்பது வேறு, மரியாதை கெட்டு நடப்பது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதுதான் கல்கத்தாவில் நடந்த தவறு.

கடைசி மாதங்கள்

வேலை போனதும் டிரோசியோ முடங்கிவிடவில்லை. ஈஸ்ட் இந்தியன் என்ற பெயரில் ஒரு பத்திரிகையைத் தொடங்கி நடத்தினார். மாணவர்கள் தொடர்ந்து அவர் வீட்டுக்கு வந்துபோனார்கள்.

அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் வேண்டாத சம்பவம் ஒன்று நடந்தது. மாணவர்களில் ஒருவரான கிருஷ்ண மோகன் பானர்ஜி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, அவருடைய நண்பர்கள் அங்கே மாட்டிறைச்சி சாப்பிட்டு, எலும்பைப் பக்கத்துப் பிராமணர் வீட்டுக்குள் எறிந்தார்கள். ஊர் கொதித்தது. குற்றம் செய்யாத கிருஷ்ண மோகன் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எலும்பை எறிந்தது எந்த வாதத்துக்கும் பதில் ஆகாது. பழைய வழக்கத்தைக் காரணம் கேட்காமல் பிடித்துக்கொள்வது ஒரு தவறு என்றால், எதிர்ப்பதற்காகவே எதிர்த்து அடுத்தவர் மனத்தைப் புண்படுத்துவதும் தவறுதான். இரண்டிலும் சிந்தனை இல்லை.

1831 டிசம்பர் மாதம் கல்கத்தாவில் காலரா பரவியிருந்தது. டிரோசியோவையும் அது பற்றிக்கொண்டது. டிசம்பர் 26ஆம் நாள், தம்முடைய 22ஆம் வயதில், அவர் கண்களை மூடினார். சவுத் பார்க் ஸ்ட்ரீட் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.

மாணவர்கள் என்ன ஆனார்கள்?

மரத்தை அதன் கனியால் அறியலாம் என்பார்கள். டிரோசியோவின் மாணவர்களை வரலாறு இளைய வங்காளம் என்று அழைக்கிறது. அவர்களில் சிலரைப் பார்ப்போம்.

ராதாநாத் சிக்தார் கணித மேதை. 1831இல் நில அளவைத் துறையில் கணக்கிடும் வேலைக்குச் சேர்ந்தார். 1852இல், அதுவரை வெறும் எண்ணால் குறிக்கப்பட்டு வந்த இமயமலைச் சிகரம் ஒன்றின் உயரத்தைக் கணக்கிட்டு, அதுவே உலகத்தின் மிக உயர்ந்த சிகரம் என்று கண்டுபிடித்தவர் அவர்தான். 29,002 அடி என்று அந்தக் கணக்கு வெளியானது. இன்று எவரெஸ்ட் என்கிறோமே, அந்தச் சிகரம்தான் அது. பல இடங்களில் இருந்து அளந்த அளவுகளை ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டுச் சரிபார்த்தபின் எட்டிய முடிவு அது. இருபக்கமும் பார்க்கும் பழக்கம் கணக்கிலும் கைகொடுத்தது.

தோட்டத் தொழிலாளத் தோழர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்றும் அவர் வாழ்க்கையில் உண்டு. 1843இல் டேராடூனில் ஒரு வெள்ளைக்கார மாஜிஸ்திரேட், நில அளவைத் துறைக் கூலியாட்களைத் தம் சொந்தச் சுமையைத் தூக்க வைத்தார். எந்தச் சட்டப்படி இது என்று ராதாநாத் எதிர்த்துக் கேட்டார். அதற்காக அவருக்கு 200 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் கட்டினாரே ஒழியத் தம் வாதத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

ராம்கோபால் கோஷ் வியாபாரியாக உயர்ந்தார், சிறந்த பேச்சாளர். வெள்ளைக்காரனும் இந்தியனும் ஒரே நீதிமன்றத்தில் ஒரே சட்டத்துக்குக் கட்டுப்பட வேண்டும் என்ற மசோதாக்கள் 1849இல் வந்தபோது, வெள்ளைக்காரர்கள் கூக்குரல் எழுப்பினார்கள். ராம்கோபால் மசோதாக்களை ஆதரித்துக் காரண காரியத்தோடு ஒரு சிறு நூல் எழுதினார். பதில் சொல்ல முடியாத வெள்ளைக்காரர்கள், ஒரு விவசாயச் சங்கத்தில் அவர் வகித்த துணைத்தலைவர் பதவியைப் பறித்தார்கள்!

பியாரி சந்த் மித்ரா சாதாரண மக்கள் பேசும் வங்காளத்தில் நாவல் எழுதி, அந்த மொழியின் உரைநடைக்குப் புது வழி திறந்தார். ராமதனு லாஹிரி ஆசிரியரானார். தம் ஆசிரியரிடம் கற்றதை வாழ்நாள் முழுதும் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். தட்சிணரஞ்சன் முகர்ஜி 1849இல் கல்கத்தாவில் பெண்கள் பள்ளி ஏற்பட்டபோது நிலம் கொடுத்து உதவினார். வீட்டை விட்டு வெளியேற நினைத்து, டிரோசியோவால் தடுக்கப்பட்ட பையன் இவர்தான்!

நாம் கற்றுக்கொள்ள வேண்டியது

பால்மரம் வெட்டிய குடும்பத்தாருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். பால் ஸ்டோரில் வாளியை நிறுத்துப் பார்ப்பதோடு விடமாட்டார்கள். அந்தப் பாலில் ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்றும் பார்ப்பார்கள். வாளி நிறைந்திருக்கலாம், உள்ளே தண்ணீர் அதிகமாக இருக்கலாம். பேச்சும் அப்படித்தான். சத்தம் அதிகம் இருக்கும், சாரம் குறைவாக இருக்கும். நம் பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்தச் சோதனை கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். டிரோசியோவின் கதையில் இருந்தே அதைக் கற்றுக்கொள்ளலாம்.

முதலாவது, சொன்னவர் நேரில் கண்டாரா, கேள்விப்பட்டாரா என்று பார்க்க வேண்டும். டிரோசியோமேல் வந்த பழியெல்லாம் கேள்விப்பட்டதுதான். பத்துப் பேர் சொன்னாலும் அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆளிடம் கேட்டிருந்தால் அது ஒரே சாட்சிதான். கைப்பேசியில் நூறு பேர் அனுப்பிய செய்தியும் அப்படியே.

இரண்டாவது, காட்டிய காரணம் எடுத்த முடிவுக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். ஊரார் கோபமாக இருக்கிறார்கள் என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஊரார் கோபம், ஆசிரியர் தவறு செய்தார் என்பதற்குச் சாட்சி ஆகுமா?

மூன்றாவது, ஒன்றை வைத்து ஒன்பதை முடிவு செய்யக் கூடாது. பக்கத்து வீட்டுப் பையன் படிச்சும் வேலை கிடைக்காம இருக்கான், அதனால படிப்பே வீண் என்று சிலர் பேசுகிறார்கள். ஒரு பையன் கதையை வைத்து எல்லாப் பிள்ளைகளின் எதிர்காலத்தையும் அளக்கலாமா? படித்து வேலைக்குப் போனவர்கள் எத்தனை பேர் என்றும் எண்ண வேண்டாமா?

நான்காவது, ஆளைப் பார்க்காமல் சொல்லைப் பார்க்க வேண்டும். வள்ளுவப் பெருந்தகையின் அறிவுடைமை அதிகாரத்தை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பிடிக்காதவர் சொன்னதாலேயே ஒன்று பொய்யாகிவிடாது. பிடித்தவர் சொன்னதாலேயே மெய்யாகியும் விடாது.

ஐந்தாவது, எதிர்ப்பக்கத்தின் மிக நல்ல காரணம் எது என்று தேட வேண்டும். எதிரியின் நொண்டிச் சாக்கை மட்டும் எடுத்து அடித்துவிட்டு ஜெயித்துவிட்டேன் என்று சொல்வது வீரம் ஆகாது. ஹ்யூமையும் படி, அவருக்கு மறுப்பு எழுதியவர்களையும் படி என்றாரே டிரோசியோ, அதுதான் முறை.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை ஏன் என்று கேட்டால், எதிர்த்துப் பேசுறியா என்று வாயை அடைத்துவிடாதீர்கள். மரியாதையாகக் கேட்கிறானா என்று பாருங்கள். மரியாதையாகக் கேட்டால் காரணம் சொல்லுங்கள். நாளைக்கு வெளி உலகத்தில் கடன் கொடுக்கிறேன் என்று வருகிறவனும், கெட்ட கூட்டத்தில் சேரக் கூப்பிடுகிறவனும், ஆசை காட்டி ஏமாற்றுகிறவனும் இனிக்க இனிக்கத்தான் பேசுவான். அன்றைக்கு உங்கள் பிள்ளை ஏன் என்று கேட்க வேண்டுமானால், இன்றைக்கு வீட்டிலே கேட்டுப் பழகியிருக்க வேண்டும்.

மாணவமணிகளே! நீங்களும் ஒன்றை மறவாதீர்கள். கேள்வி கேட்கும் உரிமையோடு பதிலைப் பொறுமையாகக் கேட்கும் கடமையும் சேர்ந்தே வருகிறது. பதில் வலுவாக இருந்தால், அது அப்பா அம்மா சொன்னதாக இருந்தாலும் சரி, உங்களுக்குப் பிடிக்காததாக இருந்தாலும் சரி, ஏற்றுக்கொள்ள வேண்டும்.

இந்துக் கல்லூரி 1855இல் பிரசிடென்சி கல்லூரி ஆயிற்று; 2010இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. டிரோசியோவை நீக்கிய நிர்வாகக் குழுவினரின் பெயர்களை இன்று பலர் அறிய மாட்டார்கள். அவர்கள் நீக்கிய 22 வயது இளைஞரின் பெயரை அந்தக் கல்விக்கூடம் இன்றும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறது. அவரை நீக்கக் காட்டிய காரணம் ஒரு நாள் கூட்டத்துக்கு மட்டுமே போதுமானதாக இருந்தது. அவர் கற்பித்த வழியோ, இரு நூற்றாண்டுகள் கழித்து நம் பள்ளிப் பிள்ளைகளுக்கும் பயன்படுகிறது.